சுவர் விழுந்தது சரி, டைரக்டர் யார்? (பஸ்டர் கீட்டன்)

கேள்விக்காரன் | ஜூன் 3, இரவு 9.50

அமெரிக்கப் பேசாப்பட காமெடி நடிகர் பஸ்டர் கீட்டனை "நடிகரா வந்து இயக்குநரான மேதை"ன்னு ஆளாளுக்கு எழுதுறீங்க. டைட்டில் கார்டைப் பார்த்திருக்கீங்களா? 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928), இயக்கம் சார்லஸ் ரைஸ்னர். 'காலேஜ்' (1927), ஜேம்ஸ் ஹார்ன். 'தி ஜெனரல்' (1926), கிளைட் பிரக்மனோட பாதிப் பங்கு. 'தி நேவிகேட்டர்' (1924), டொனால்ட் கிரிஸ்ப்போட பாதிப் பங்கு. ஆரம்பக் குறும்படங்கள்ல எடி கிளைன் ஒட்டிக்கிட்டே வர்றார். முழு நீளப் படத்துல அவர் பேர் மட்டும் தனியா வர்றது நாலே நாலுதான்: 'ஷெர்லாக் ஜூனியர்', 'செவன் சான்சஸ்', 'கோ வெஸ்ட்', 'பேட்லிங் பட்லர்'. 'ஸ்டீம்போட்'ல வீட்டுச் சுவர் அப்படியே மேல விழ, ஜன்னல் ஓட்டை வழியா ஆள் தப்பிப்பாரே, அந்த ஷாட்டே அடுத்தவர் கணக்குலதான் இருக்கு. நல்ல நடிகர், உயிரைப் பணயம் வச்ச ஆளு, ஒத்துக்கறேன். டைரக்டர்ங்கிறது ரசிகர்கள் பின்னால கட்டிவிட்ட பட்டம்.

பழைய ப்ரொஜெக்டர் | ஜூன் 3, இரவு 11.20

தம்பி, பட்டியல் சரி. முடிவுதான் கோணல். நீங்க சொன்ன அதே சுவரையே எடுத்துக்கலாம்.

அந்தப் பிட் (காமெடி வித்தை) ஒரே நாள்ல முளைக்கலை. 1919ல காமெடி நடிகர் ஆர்பக்கிளோட 'பேக் ஸ்டேஜ்' படத்துல மேடை செட்டோட தட்டி ஒண்ணு விழும், ஆள் ஜன்னல் ஓட்டைக்குள்ள நின்னு தப்பிப்பார். 1920ல 'ஒன் வீக்', கோணல்மாணலாக் கட்டின வீட்டோட சுவர் கீட்டன் மேல விழும். 1928ல நிஜ வீட்டு முகப்பு, சுமார் 2 டன்னுனு கணக்கு. ஒரே பிட்டை ஒன்பது வருஷத்துல மூணு தடவை பெருசாக்கியிருக்காங்க. மூணுலயும் இயக்குநர் பேர் வேற வேற. மூணுலயும் கீட்டன் இருந்தார்.

செட்டு போட்ட விதம்: முதல்ல வெறும் சட்டம். அடியில கீல். சட்டத்தைத் தரையில படுக்க வச்சு, கீட்டன் நிக்கிற இடத்தைச் சுத்தி ஜன்னலை அளந்து கட்டினாங்க. தோளுக்கு ரெண்டு பக்கமும் 2 அங்குலம், தலைக்கு 2 அங்குலம், குதிகாலுக்குப் பின்னால 2 அங்குலம் இடைவெளி. நிக்கிற இடத்துல ஒரு ஆணி. அதுக்கப்புறம் சட்டத்தைத் தூக்கி நிறுத்தி, பலகை அடிச்சு, பெயின்ட் பூசி, பிய்ஞ்ச மாதிரி ஓரம் வச்சு, உள்ளே அறையையும் ஜோடிச்சாங்க. சுவரைக் கனமாக் கட்டினதே காத்துல முறுக்கிக்காம நேரா விழணும்னுதான்.

கேள்விக்காரன் | ஜூன் 4, காலை 7.05

அண்ணே, நீங்க சொன்னது ஸ்டன்ட் மாஸ்டரும் ஆசாரியும் சேர்ந்து பார்த்த வேலை. இதுல டைரக்‌ஷன் எங்க இருக்கு?

பழைய ப்ரொஜெக்டர் | ஜூன் 4, மதியம் 1.30

கேமராவை எங்க வச்சிருக்காங்கன்னு பாருங்க. வைட். வீடு முழுசாத் தெரியுது, ஆள் உச்சந்தலையிலேர்ந்து பாதம் வரைக்கும் தெரியுறார், நடுவுல வெட்டே கிடையாது. முகத்துக்கு ஒரு குளோசப் போட்டுட்டு அப்புறம் சுவர் விழுறதைக் காட்டியிருந்தா, பார்க்கிறவன் "பொம்மையை நிறுத்தி எடுத்திருப்பான்"னு எழுந்து போயிருப்பான். வெட்டினா பிட் செத்துடும்ங்கிறது கீட்டன் கடைசி வரைக்கும் விடாத கணக்கு. அந்தக் கணக்கைப் போடுறவனைத்தான் நான் இயக்குநர்ங்கிறேன்.

நேத்து எழுதினதுல ரெண்டு திருத்தம். ஆணி ஒண்ணு இல்லை, ரெண்டு. ஒவ்வொரு குதிகாலுக்கும் ஒண்ணு. அப்புறம், கனமா இருந்தா மட்டும் போதும்கிற மாதிரி எழுதிட்டேன், அது அரைகுறை. லிபர்டி விமான மோட்டார் பூட்டின ஆறு காத்து மெஷின் அந்தத் தெருவுல ஓடிக்கிட்டிருந்தது. ஒவ்வொண்ணும் லாரியையே சாலையை விட்டுத் தள்ளுற பலம். முன்னாலயும் பின்னாலயும் புயல் அடிக்கிற மாதிரி தெரியணும், ஆனா விழுற சுவரோட முகத்துல மட்டும் காத்து படவே கூடாது. பட்டா சட்டம் முறுக்கும், ஜன்னல் குறி தப்பும். அதனால மெஷின்களை அதுக்குத் தகுந்த கோணத்துல திருப்பி வச்சதுதான் முக்கியம், எடை ரெண்டாம்பட்சம். எடுத்தது ஒரே டேக்.

அந்த நேரத்துல டைட்டில் கார்டு இயக்குநர் ரைஸ்னர் கூடாரத்துக்குள்ள ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தார்னு கீட்டனே பின்னாள்ல சொல்லியிருக்கார்.

நெகடிவ் அக்கா | ஜூன் 4, இரவு 8.40

ஜெபத்தை வைத்து ரைஸ்னரைக் கிண்டல் செய்ய வேண்டாம். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

சுவர்க் கணக்கில் நீங்கள் இருவரும் விட்டது ஒன்று உண்டு. கீல் அடியில் இருப்பதால், ஜன்னலின் கீழ்விளிம்பு தரையிலிருந்து எத்தனை அடி உயரமோ, ஏறக்குறைய அத்தனை அடி சுவரைவிட்டுத் தள்ளித்தான் ஆள் நிற்க வேண்டும். சாதாரண மாடி ஜன்னல் 12 அடியில் இருக்கும். இவர்கள் கூரையைக் கூம்பாக உயர்த்தி, ஜன்னலைச் சுமார் 18 அடிக்குக் கொண்டுபோனார்கள்.

அதில் ஒரு லாபம் இருக்கிறது. கீட்டன் 5 அடி 5 அங்குலம். சுவரிலிருந்து 6 அடியில் நின்றால், கீலிலிருந்து அவர் தலையுச்சி ஏறக்குறைய 8 அடி 1 அங்குலம் தூரம். சுவர் சாயும்போது கீலிலிருந்து அதே தூரத்தில் இருக்கும் பகுதிதான் தலையைக் கடக்கும். அப்படியானால் ஜன்னல் குதிகால் புள்ளியைத் தாண்டி 25 அங்குலமாவது மேலே போக வேண்டும். 18 அடியில் நின்றால் தலையுச்சி 18 அடி 10 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். குதிகாலைத் தாண்டிப் பத்து அங்குலம் போதும். அது ஒரு செருப்பின் நீளம், பாதத்துக்கு எப்படியும் விட்டாக வேண்டிய இடம்தான். தள்ளி நிற்க நிற்க ஜன்னல் சின்னதாகிறது. ஜன்னல் சின்னதாக இருந்தால்தானே வயிறு கலங்கும்.

கேள்விக்காரன் | ஜூன் 4, இரவு 9.02

அப்போ டைட்டில்ல பைதாகரஸுக்கும் ஒரு கார்டு போடச் சொல்லுங்க அக்கா.

பழைய ப்ரொஜெக்டர் | ஜூன் 5, காலை 6.45

அக்கா கணக்கு நல்லாருக்கு. நான் இவ்வளவு நாள் ஜன்னலை மேல வச்சது அழகுக்குன்னு நினைச்சுட்டிருந்தேன்.

தம்பிக்கு ஆளோட பூர்வீகம் தெரிஞ்சா பாதிக் குழப்பம் தீரும். 1895 அக்டோபர் 4, கான்சஸ் மாநிலம் பிக்வாவுல பிறந்தவர். அப்பா ஜோ, அம்மா மைரா, ரெண்டு பேரும் வாடவில்ங்கிற பல்சுவை மேடை நிகழ்ச்சிக்காரங்க. 'த்ரீ கீட்டன்ஸ்'னு குடும்ப நிகழ்ச்சி. பையனோட சட்டை முதுகுல சூட்கேஸ் கைப்பிடி தைச்சிருக்கும். அதைப் புடிச்சுத்தான் அப்பா மேடையில வீசுவார். விழுந்துட்டுச் சிரிச்சா ஜனம் சிரிக்காது, முகத்தை மரமா வச்சா சிரிக்கும். இது அங்க கத்துக்கிட்டது. 1917ல நியூயார்க்ல ஆர்பக்கிளோட 'தி புட்சர் பாய்'ல முதல் நடிப்பு. அந்த ஸ்டூடியோவுல அவர் முதல்ல புடிச்சுக்கிட்டது கேமராவை. கழட்டிப் பார்த்து, உள்ளே என்ன ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் விட்டார். 1918ல ராணுவம், பிரான்ஸ், காதுல தொற்று வந்து கேட்கிற சக்தி குறைஞ்சது. 1920ல தயாரிப்பாளர் ஜோசப் ஷென்க் பணத்துல ஹாலிவுட்ல தனி ஸ்டூடியோ. அது முன்னால சாப்ளின் வேலை பார்த்த இடம்.

நடிச்சு நடிச்சுப் பேர் வாங்கி, அப்புறமா இயக்க வந்த ஆள் இல்லை இவர். மூணே வருஷத்துல ரெண்டும் ஒண்ணாயிடுச்சு.

நெகடிவ் அக்கா | ஜூன் 5, இரவு 10.10

கேமராவைக் கழற்றியதன் பலனைப் பார்க்க 'தி ப்ளேஹவுஸ்' (1921) போதும். அதற்கு முன் 'தி எலக்ட்ரிக் ஹவுஸ்' எடுக்கும்போது நகரும் படிக்கட்டில் கால் மாட்டிக் கணுக்கால் முறிந்தது. ஓடிக் குதிக்க முடியாத ஆள், ஓடாமலே செய்யக்கூடிய வித்தையைத் தேடினார். மேடையில் ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒன்பதும் கீட்டன்.

லென்ஸுக்கு முன்னால் வெளிச்சம் புகாத பெட்டி. அதில் நெட்டுவாக்கில் ஒன்பது தனித்தனி அடைப்புகள். முதல் அடைப்பைத் திறந்து, மற்ற எட்டையும் மூடிப் படம் பிடிக்க வேண்டும். பிறகு பிலிமை அதே தொடக்கப் பிரேமுக்குத் திருப்பிச் சுற்றி, கீட்டன் அடுத்த நாற்காலிக்கு மாறி, இரண்டாவதைத் திறந்து மறுபடி. ஆக ஒரே நெகடிவ் ஒன்பது முறை ஒளி வாங்குகிறது, எட்டு முறை பின்னால் சுற்றப்படுகிறது. ஏழாவதில் தும்மினாலும் முதல் ஆறும் குப்பை.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. அடைப்புகளின் விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் படத்தில் வெளிறிய கோடு விழும், இடைவெளி விட்டால் கறுத்த கோடு. கேமரா முக்காலி மயிரிழை அசைந்தாலும் பின்னணிச் சுவர் துண்டுதுண்டாக ஆடும். மூன்றாவது, எல்லாவற்றையும்விடக் கொடியது, வேகம். அது கையால் சுற்றும் கேமரா. இரண்டாவது சுற்றில் கை கொஞ்சம் வேகமாகச் சுழன்றால் அந்தக் கீட்டன் மட்டும் மற்றவர்களைவிட மந்தமாக அசைவார், ஒத்திசைவு போய்விடும். கேமராமேன் எல்ஜின் லெஸ்லி. ஒன்பது முறையும் ஒரே வேகத்தில் சுற்றிய கை அது. கீட்டன் தாளத்துக்கு எண்ணி எண்ணி அசைந்தார். இன்றைக்குக் கணினியில் ஒரு மதியத்தில் முடிகிற வேலை என்று யாரும் சொல்ல வராதீர்கள். முடியும்தான். ஆனால் திருத்திக்கொள்ள வழியே இல்லாமல் செய்தார்கள் என்பதுதான் விஷயம்.

கேள்விக்காரன் | ஜூன் 6, காலை 8.15

இது கேமராமேன் லெஸ்லிக்குப் போகவேண்டிய பேர். பாருங்க, நான் சொன்னது மெல்ல மெல்ல நிரூபணம் ஆகுது.

பழைய ப்ரொஜெக்டர் | ஜூன் 6, இரவு 11.50

இந்த இடத்துல தம்பி பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கு. "கீட்டன் மட்டும்தான்"ங்கிற தொனி என் எழுத்துல வந்துடுச்சு, வாபஸ். லெஸ்லி இல்லாம 'ப்ளேஹவுஸ்' இல்லை. ஃப்ரெட் கேபோரி இல்லாம சுவரும் இல்லை, கப்பலும் இல்லை. கேபோரிதான் செட்டு, தந்திர வேலை எல்லாத்துக்கும் தலைமை. வேற ஒரு படத்துக்காகக் கப்பல் தேடப் போனவர், உடைச்சு இரும்பா விக்கக் காத்திருந்த 'புஃபோர்ட்' கப்பலைப் பார்த்துட்டு வந்து சொன்னார். அதை வாடகைக்கு எடுத்தாங்க. கதை அப்புறம்தான் வந்தது. 'நேவிகேட்டர்' பிறந்தது அப்படி. கீட்டனோட பெரிய வசூல் படங்கள்ல அதுவும் ஒண்ணு.

டொனால்ட் கிரிஸ்ப் விஷயமும் அந்தப் படம்தான். சீரியஸான காட்சிகளைப் பார்த்துக்க அவரைக் கூப்பிட்டாங்க. வந்தவருக்குத் திடீர்னு காமெடி ஆசை வந்து, அதுலயே தலையிட ஆரம்பிச்சுட்டார். கடைசியில கீட்டனே முடிச்சார். கார்டுல பேர் மட்டும் நிக்குது. அந்தக் காலத்துல கார்டு சம்பளக் கணக்கு மாதிரி, யார் என்ன செஞ்சாங்கன்னு அதுல தெரியாது.

அதே படத்துல தண்ணிக்கடியில ஒரு காட்சி. முதல்ல ரிவர்சைட்ல ஒரு நீச்சல்குளத்தோட சுவரை உயர்த்தி, ஆழம் கூட்டித் தண்ணி நிரப்பினாங்க. எடை தாங்காம அடித்தளம் விட்டுப்போச்சு. அப்புறம் தெளிஞ்ச தண்ணிக்காக டாஹோ ஏரிக்குப் போனாங்க. அங்க குளிர். ஒரு தடவைக்கு அரைமணி நேரத்துக்கு மேல அடியில நிக்க முடியலை.

பழைய ப்ரொஜெக்டர் | ஜூன் 7, காலை 7.20

ராத்திரி 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) சொல்லாமலே தூங்கிட்டேன். அதுல கார்டும் தனியாக் கீட்டன் பேர்லதான், தம்பிக்கு மறுக்க வழியில்லை.

கனவுல சினிமாத் திரைக்குள்ள நடந்து போவார். முதல்ல நுழையுற ஷாட்ல திரையே கிடையாது. திரை இருக்கவேண்டிய இடத்துல ஒரு மேடை, அதுல நிஜ செட்டு. படம் ஓடுற மாதிரித் தெரியுற அளவுக்கு வெளிச்சத்தைச் சரிபண்ணி ஏமாத்தினாங்க. அடுத்து, அவர் நிக்க நிக்கப் பின்னணி மாறும். தோட்டம், தெரு, பாறை, சிங்கங்கள், பனி. அவர் உடம்பு மட்டும் அதே இடத்துல, அதே அளவுல இருக்கும். கேமராவுக்கும் அவருக்கும் உள்ள தூரத்தை நிலம் அளக்குற கருவி வச்சு அளந்தாங்க. முந்தின ஷாட்டோட கடைசிப் பிரேமைக் கழுவி, கேமராவுல பிலிம் நிக்கிற கேட்டுல சொருகி, அதுல தெரியுற உருவத்தோட பொருந்துற வரைக்கும் கீட்டனை நகர்த்தினாங்க. தூரம் கொஞ்சம் பிசகினா வெட்டுற இடத்துல ஆள் சட்டுனு குட்டையாவார், இல்லைன்னா நெட்டையாவார்.

தண்ணித் தொட்டிக் காட்சியும் அதுலதான். ரயில் கூரை மேல ஓடி வந்து, தொட்டிக் கயித்தைப் புடிச்சுத் தொங்குவார். குழாய் இறங்கும், தண்ணி கொட்டும். கொட்டின வேகம் எதிர்பார்த்ததைவிட அதிகம். தண்டவாளத்துல பிடரி அடிச்சது. கொஞ்ச நாள் தலைவலி, வேலை தொடர்ந்தது. கழுத்தெலும்பு முறிஞ்சு தானாக் கூடியிருக்குன்னு பல வருஷம் கழிச்சு எக்ஸ்ரேயிலதான் தெரிஞ்சது. அந்த டேக்தான் படத்துல இருக்கு.

கேள்விக்காரன் | ஜூன் 7, மாலை 5.30

சரி, 'ஷெர்லாக்' உங்களுக்கு. 'ஜெனரல்' பத்தி யாரும் பேசலையே. பிரக்மனோட பங்குன்னு விட்டுட்டீங்களா?

நெகடிவ் அக்கா | ஜூன் 7, இரவு 9.25

விடவில்லை, அதற்கு இடம் வேண்டும் என்று காத்திருந்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862இல் நடந்த ஆண்ட்ரூஸ் ரயில் கடத்தல் சம்பவத்தைப் பிரக்மன்தான் கொண்டுவந்து கொடுத்தார். அது பெரிய பங்கு. படப்பிடிப்பு ஒரேகான் மாநிலம் காட்டேஜ் க்ரோவ் பக்கம். மரம் ஏற்றும் பழைய தண்டவாளங்கள் அங்கே இருந்தன. இரண்டு தரப்புப் படையாகவும் ஒரேகான் தேசியக் காவல்படையினர் சுமார் 500 பேர். சீருடையை மாற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நிற்பார்கள்.

இணைப்புத் தண்டில் உட்கார்ந்த காட்சியைத் திரும்பப் பாருங்கள். சோகத்தில் இன்ஜின் சக்கரங்களை இணைக்கும் தண்டின் மேல் உட்கார்ந்திருப்பார். இன்ஜின் மெல்ல நகரும், தண்டோடு சேர்ந்து அவர் மேலும் கீழுமாகப் போவார், அதை அவர் கவனிக்கவே மாட்டார். இன்ஜின் ஓட்டுநர் நீராவியை ஒரு துளி கூடுதலாகத் திறந்திருந்தால் சக்கரம் வழுக்கிச் சுழலும், தண்டு அவரைத் தூக்கி எறிந்திருக்கும். அந்த ஷாட்டின் உயிர் ஓட்டுநரின் மணிக்கட்டில் இருந்தது. அவருக்கும் கார்டு கிடையாது.

ஸ்லீப்பர் கட்டைக் காட்சி: இன்ஜினின் முன்கூட்டில் உட்கார்ந்து, மடியில் இருக்கிற கட்டையைத் தூக்கிப் போட்டு, தண்டவாளத்தின் குறுக்கே கிடக்கிற இன்னொரு கட்டையின் நுனியில் அடித்து, இரண்டையும் ஒரே வீச்சில் வெளியே தள்ளுவார். கட்டையின் நடுவில் அடித்திருந்தால் இரண்டும் அங்கேயே கிடக்கும், இன்ஜின் தடம் புரளும்.

பாலம் எரிந்து ரயில் ஆற்றில் விழுந்தது 1926 ஜூலை 23. நிஜ இன்ஜின், நிஜ பாலம், உள்ளே பொம்மை ஓட்டுநர். அந்த ஒரு ஷாட்டுக்கு 42,000 டாலர் என்று கணக்கு. பேசாப்பட காலத்தின் மிக விலையுயர்ந்த ஷாட் என்று இதைத்தான் சொல்வார்கள். இன்ஜின் ஆற்றிலேயே கிடந்தது. இரண்டாம் உலகப் போரின்போதுதான் பழைய இரும்புக்காக எடுத்துப் போனார்கள்.

பழைய ப்ரொஜெக்டர் | ஜூன் 7, இரவு 10.40

பீரங்கியை விட்டுட்டீங்களே அக்கா. குட்டிப் பீரங்கியிலேர்ந்து குண்டு கிளம்பி, வளைஞ்சு வந்து இன்ஜின் அறைக்குள்ள பொத்துனு விழணும். மருந்து கூடினா இன்ஜினைத் தாண்டிப் போகும், குறைஞ்சா வாசலைத் தாண்டாது. இடுக்கியால வெடிமருந்தைப் பொறுக்கிப் பொறுக்கி எண்ணிப் போட்டாங்க.

படம் ஓடலைங்கிறதுதான் சோகம். விமர்சனமும் மோசம். அதுக்கப்புறம் செலவு மேல கண்காணிப்பு வந்துடுச்சு. 'ஸ்டீம்போட்' முடிவுல வெள்ளம்தான் முதல்ல திட்டம். 1927ல மிசிசிப்பியில பெருவெள்ளம் வந்து ஜனங்க செத்ததால அது கூடாதுன்னுட்டாங்க. புயலா மாத்தினார். அந்தப் புயல்தான் நம்ம சுவரை விழவச்சது.

1928ல எம்ஜிஎம்ங்கிற பெரிய ஸ்டூடியோவுல கையெழுத்து. சாப்ளினும் இன்னொரு காமெடி நடிகர் ஹெரால்ட் லாய்டும் வேண்டாம்னு சொல்லியும் போனார். 'தி கேமராமேன்' வரைக்கும் பரவாயில்லை. அப்புறம் ஸ்கிரிப்ட் முன்னாலயே எழுதணும், ஒவ்வொண்ணுக்கும் ஒப்புதல் வேணும்னு வந்தது. கீட்டனோட முறையில ஆரம்பமும் முடிவும் இருக்கும், நடுப்பகுதி லொகேஷன்ல தானா அமையும். அது அந்தக் கம்பெனியில நடக்காது. 1933ல வெளியேத்திட்டாங்க.

கேள்விக்காரன் | ஜூன் 8, காலை 9.10

அப்போ நீங்க சொல்றதைக் கூட்டிப் பார்த்தா, அதிகாரம் கையில இருந்த வரைக்கும் கார்டுல யார் பேர் இருந்தாலும் படம் ஒரே மாதிரி இருந்தது. அதிகாரம் போனதும் அவர் முகம் இருந்தும் படம் வேற மாதிரி ஆயிடுச்சு. இது என் வாதத்தைவிடப் பலமாத்தான் இருக்கு, கோபம் வருது. ஆனா யூட்யூப்ல பார்த்தா எல்லாம் கீ குடுத்த பொம்மை மாதிரி ஓடுதே, அதுவும் டைரக்‌ஷனா?

நெகடிவ் அக்கா | ஜூன் 8, இரவு 8.55

அது பிரதியின் கோளாறு. கையால் சுற்றிய படங்களுக்கு ஒரே நிலையான வேகம் கிடையாது. நொடிக்கு 24 பிரேமுக்குக் கீழே எடுத்ததை அப்படியே 24இல் ஓட்டினால் துள்ளும். சில துரத்தல்களை அவர்களே வேண்டுமென்று மெதுவாகச் சுற்றி வேகமாக்கினார்கள், அது வேறு. நடந்து வருகிற காட்சியைப் பாருங்கள். சாதாரண நடையே துள்ளினால் அந்தப் பிரதியை மூடிவிடுங்கள்.

இன்னொரு சோதனை. பேசாப்படத்தின் பிரேம் ஒலித்தடத்துக்கு இடம் விடாத முழுப் பிரேம். பின்னாளில் ஒலிப்பட அளவில் பிரதி எடுத்தபோது இடது ஓரம் வெட்டுப்பட்டது. தலைப்பு அட்டையின் எழுத்து நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வெட்டுப்பட்ட பிரதி. கீட்டன் விளிம்புவரை அளந்து வைக்கிற ஆள். ஓரம் போனால் பிட்டின் பாதி போயிற்று.

கேள்விக்காரன் | ஜூன் 8, இரவு 9.30

நான் பார்த்த 'ஸ்டீம்போட்'ல எழுத்து இடப்பக்கம்தான் ஒட்டிக்கிட்டிருந்தது. போச்சு. மறுபடியும் பார்க்கணும்.

சம்பந்தமில்லாம ஒரு கேள்வி. அந்தத் தட்டைத் தொப்பி எப்படி எவ்வளவு நனைஞ்சாலும் விறைப்பாவே நிக்குது?

பழைய ப்ரொஜெக்டர் | ஜூன் 8, இரவு 10.05

நல்ல ஸ்டெட்சன் தொப்பியை வாங்கி உயரத்தை வெட்டிக் குறைப்பார். ஒரு டீ கப் வெதுவெதுப்பான தண்ணியில மூணு டீஸ்பூன் சர்க்கரை, குவிச்சு. விளிம்போட மேலயும் கீழயும் நனைச்சு, சுத்தமான சமதளத்துல அழுத்தித் தேய்ச்சு, காயவிட்டா விறைச்சுக்கும். எவ்வளவு நனைஞ்சாலும்ங்கிறது சரியில்லை. தண்ணிக் காட்சின்னா தொப்பி காலி, அதனால ஒரு படத்துக்கே பல தொப்பி தேவைப்படும்.

கேள்விக்காரன் | ஜூன் 8, இரவு 10.11

சர்க்கரையா? நம்ம ஊர்ல ரெண்டாம் டேக்குக்கு முன்னாலயே எறும்பு வந்துடுமே அண்ணே.